அண்ணல் வகுத்த வழியில் எழுந்த அணை

டாக்டர் அம்பேத்கர் அரசியல் சட்டத்தின் சிற்பி என்பதை நம் இளைஞர் யாவரும் அறிவர். இந்நாட்டின் பெரும் நீர்வளத் திட்டங்களுக்கு அடிகோலியவர்களுள் அவரும் ஒருவர் என்பதைச் சிலரே அறிவர். அதற்குச் சான்றாக நிற்கிறது, ஜார்க்கண்டு - மேற்கு வங்க எல்லையிலுள்ள மைத்தான் நீர்த்தேக்கம்.

‘வங்காளத்தின் துயரம்’ எனப்பட்ட தாமோதர் ஆறு 1943-இல் கரையை உடைத்துப் பெருக்கெடுத்தது. ஊர்கள் மூழ்கின, இருப்புப்பாதை துண்டிக்கப்பட்டது. அப்போது அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் (1942-46). பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. வெள்ளத்தைத் தடுப்பதோடு நில்லாமல், தேக்கிய நீரால் பயிர் விளையவும் மின்சாரம் பிறக்கவும் வேண்டும். மாகாண எல்லை கடந்து ஆறு முழுவதையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம் முன்மாதிரி ஆயிற்று. 1945-இல் கல்கத்தாவில் நடந்த மாநாடுகளுக்கு அவரே தலைமை தாங்கினார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது.

தாமோதரின் துணையாறான பராக்கரின் குறுக்கே கட்டப்பட்ட மைத்தான் அணை 1957-இல் திறக்கப்பட்டது. அதன் மின்நிலையம் நிலத்தடியில் குடைந்து அமைக்கப்பட்டது. சுமார் 60 மெகாவாட் திறனுடையது. அணையிலிருந்து விடும் நீரை, 1955-இல் எழுந்த துர்காபூர் தடுப்பணை ஏற்றுக் கால்வாய்கள் வழியே பர்துவான் முதலிய பகுதிகளின் நெல்வயல்களுக்கு அனுப்புகிறது. குளிர்காலத்தில் மக்கள் குடும்பத்தோடு வந்து, படகில் உலவி, கரையில் கூடியுண்டு மகிழ்கின்றனர்.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. இத்திட்டத்தால் நிலமிழந்தோருள் சந்தால் பழங்குடியினர் பலர். அண்டையிலுள்ள பாஞ்செட் அணையை 1959-இல் பிரதமர் நேரு, அங்கே கூலிவேலை செய்த சந்தால் பெண் ஒருவரின் கையாலேயே தொடங்கி வைக்கச் செய்தார். விழாவில் நேருவுக்கு மாலையிட்டதையே மணமாகக் கருதிய ஊரார் அவரை விலக்கி வைத்தனர். 1962-இல் அவருக்கு வேலையும் போயிற்று.

அணை நீரைத் தேக்கித் தரும். அந்நீர் யாருடைய வயலுக்குப் பாய்கிறது, யாருடைய வீட்டில் விளக்கெரிகிறது, யாருடைய ஊர் மூழ்குகிறது என்பவற்றையெல்லாம் முடிவு செய்வோர் மனிதரே. அம்முடிவு எடுக்கப்படும் அவையில் அண்ணல் அன்று அமர்ந்திருந்தார். அவரை அங்கே கொண்டு சேர்த்தது கல்வி. பொறியியலும் பொருளியலும் சட்டமும் கற்று அவ்வவையில் இடம்பெறுவதும், நிலமிழப்போரின் குரலை அங்கே ஒலிக்கச் செய்வதும் நம் இளைஞரின் கடமையாகும்.