ஏலத்துக்கு முன்பே பாதி மேட்ச் முடிந்துவிடுகிறது: ஆர்சிபி, சிஎஸ்கே போட்ட கணக்கு என்ன?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஹெப்பகோடியில் பிஜி, லேப்டாப் பைக்குள் ஒரு மஞ்சள் ஜெர்சி. நீங்கள் இந்த ரகம் என்றால் 2025 ஜூன் 3 இரவை மறந்திருக்க மாட்டீர்கள். ஆர்சிபி 18-வது சீசனில் முதல் கோப்பையைத் தூக்கியது. அதே சீசனில் சிஎஸ்கே, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். (இப்போது பயோகான் ஹெப்பகோடி ஸ்டேஷன் வழியாக ஓடும் மெட்ரோவுக்கு மஞ்சள் லைன் என்று பெயர். அந்த ஒரு ஆறுதல்தான் மிச்சம்.)

ஃபார்ம், டாஸ், அதிர்ஷ்டம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் எண்களைப் பார்த்தால், கதை ஏழு மாதம் முன்பே தொடங்குகிறது. 2024 அக்டோபர் 31, யாரைத் தக்கவைக்கிறோம் என்று அணிகள் பட்டியல் கொடுக்க வேண்டிய கடைசி நாள்.

தக்கவைப்புக்கு என்ன விலை?

ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். அதிகபட்சம் 25 வீரர்கள், அதில் வெளிநாட்டவர் 8 பேர். பழைய அணியிலிருந்து 6 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சர்வதேசப் போட்டியில் ஆடிய வீரர் என்றால் வரிசையாக 18, 14, 11, மறுபடி 18, 14 கோடி கையிருப்பிலிருந்து கழியும். கவனித்தீர்களா? நான்காவது ஆளுக்கு விலை திரும்ப ஏறுகிறது. நிறைய பேரை வைத்துக்கொண்டால் செலவு எகிறும்படிதான் விதியையே எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்தாலே 75 கோடி காலி.

சர்வதேசப் போட்டி ஆடாதவருக்கு 4 கோடி. ஐந்து வருடமாக இந்தியாவுக்கு ஆடாதவரும் இந்தக் கணக்கில் வருவார் என்று ஒரு விதி உண்டு. 2022-ல் 12 கோடி வாங்கிய தோனி, 4 கோடிக்கு சிஎஸ்கேவில் நீடித்தது இப்படித்தான்.

சிஎஸ்கே ஐந்து பேரை வைத்தது: ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12, தோனி 4. மொத்தம் 65 கோடி. மீதி 55 கோடியில் 20 இடங்களை நிரப்ப வேண்டும், சராசரி ஒரு இடத்துக்கு 2.75 கோடி. ஆர்சிபி மூன்றே பேரோடு நிறுத்தியது: கோலி 21, பட்டிதார் 11, யஷ் தயாள் 5. மீதி 83 கோடி, 22 இடங்கள். சராசரி சுமார் 3.77 கோடி.

ஜெத்தாவில் நவம்பர் 24, 25 ஏலத்தில் ஆர்சிபி அந்தப் பணத்தை ஒரே ஆள் மேல் கொட்டவில்லை. ஹேசில்வுட் 12.50, சால்ட் 11.50, ஜிதேஷ் 11, புவனேஷ்வர் 10.75. கர்நாடகா வீரர் கே.எல். ராகுல் 14 கோடிக்கு டெல்லி போனார், சிராஜ் 12.25 கோடிக்கு குஜராத் போனார். அன்றைக்கு பெங்களூரு ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஃபைனலில் ஆட்ட நாயகன் யார்? 5.75 கோடிக்கு வாங்கிய குருணால் பாண்டியா.

அந்த ஃபைனலில் ஒரு சுவாரசியம். மோதிய இரண்டு அணிகளும்தான் ஏலத்துக்கு அதிகப் பணத்தோடு போனவை: பஞ்சாப் 110.5 கோடி, ஆர்சிபி 83 கோடி. ஆறு பேரைத் தக்கவைத்து 41 கோடியோடு போன ராஜஸ்தான் ஒன்பதாவது இடம். ஆனால் இதை ஒரு ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 45 கோடி மட்டும் வைத்திருந்த மும்பை பிளேஆஃப் வந்தது. 69 கோடியில் 27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்த லக்னோ ஏழாவதாக முடித்தது. ஒரு சீசன், பத்து அணிகள். டேட்டா ரொம்பச் சின்னது.

வீரருக்கு இதில் குரல் உண்டா?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி ஃபுட்பாலில் 'சைனிங் டே' என்று ஒரு திருவிழாவே நடக்கிறது. பிளஸ் டூ வயசுப் பையனின் வீட்டுக்கே கோச்சுகள் வந்து பேசுவார்கள். டிசம்பரிலோ பிப்ரவரியிலோ அந்தப் பையன் தனக்குப் பிடித்த கல்லூரியில் கையெழுத்துப் போடுவான். 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். அணிக்கு 105 பேர் என்று வரம்பும் வந்துவிட்டது.

ஐபிஎல்லில் கதை தலைகீழ். பெயரைக் கொடுப்பது மட்டும்தான் வீரர் வேலை, எந்த ஊர் என்பதை ஏலம்தான் சொல்லும். வாங்கிய பிறகு காயம் போன்ற தகுந்த காரணம் இல்லாமல் விலகும் வெளிநாட்டு வீரருக்கு இரண்டு வருடத் தடை. டெல்லி 6.25 கோடிக்கு வாங்கிய ஹாரி புரூக் அதில்தான் மாட்டினார்.

தமிழ்நாட்டுப் பையன்கள் ஏன் மஞ்சள் ஜெர்சியில் இல்லை என்ற நம்ம ஊர்ப் புலம்பலுக்கும் பதில் இங்கேதான். 2022-ல் 20 லட்சத்துக்கு சாய் சுதர்சனை குஜராத் எடுத்தது. 2024-ல் 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. 2025-ல் அவர் 759 ரன் அடித்து ஆரஞ்சு கேப் வாங்கினார். சென்னைக்கு வர அவர் ஆசைப்பட்டாலும், குஜராத் விடுவித்தால் ஒழிய அல்லது டிரேடுக்கு ஒத்துக்கொண்டால் ஒழிய வழியில்லை.

சின்ன வீரர்களுக்கு ஒரு நல்ல விஷயம் நடந்தது. 2025 முதல் ஆடும் ஒவ்வொரு மேட்சுக்கும் 7.5 லட்சம் தனியாக உண்டு. 30 லட்சத்துக்கு ஏலம் போனவர் 14 லீக் மேட்சும் ஆடினால் கூடுதலாக 1.05 கோடி. அவருக்கு ஏல விலையை விட ஆடும் பதினொன்றில் இடம் கிடைப்பதுதான் முக்கியம்.

சிஎஸ்கே இப்போது என்ன செய்கிறது?

டிரேடு என்பது வீரரின் சம்மதம் கட்டாயமான இடம். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சென்னை வந்தார். ஜடேஜா தன் தொகையை 18-லிருந்து 14 கோடியாகக் குறைத்துக்கொண்டு ராஜஸ்தான் போனார், கூடவே சாம் கரனும். பதிரானாவையும் சிஎஸ்கே விடுவித்தது. டிசம்பர் 16 அபுதாபி மினி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில் சிஎஸ்கே, இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். சர்வதேச அனுபவம் இல்லாத வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது.

அனுபவத்தைத் தக்கவைத்து 65 கோடியைப் பூட்டிய அதே அணிதான் இது. இந்தச் சுழற்சி 2025 முதல் 2027 வரை. அடுத்த மெகா ஏலத்துக்கு முன் மறுபடி ஒரு தக்கவைப்பு நாள் வரும். அன்றைக்கு ஆபீஸில் பந்தயம் கட்டுவதாக இருந்தால், யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதோடு கையில் எத்தனை கோடி மிச்சம் என்பதையும் பாருங்கள்.