பாலில்லா விருந்தும் தேங்காய்ப்பாலின் கதையும்



வகுப்பறையில் சிறுவர் தின விருந்து நடைபெறும்பொழுது எல்லாப் பிள்ளைகளும் அணிச்சல் உண்ண, ஒரு பிள்ளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஓரமாக அமர்ந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்பிள்ளைக்குப் பால் ஒவ்வாது. எனவே வெண்ணெய் கலந்த அணிச்சலும் ஆகாது. இதனைப் பற்றிப் பேச்செழும்பொழுது, பாலும் வெண்ணெயும் இல்லாமல் எல்லாருக்கும் பிடிக்கும்படி என்னதான் செய்ய முடியும் என்று பெற்றோர்கள் வினவுகின்றனர். மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த ஏதோ புதிய உணவுமுறையைப் பற்றிக் கேட்பது போலவே அவ்வினா அமைகிறது. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக உள்ளது. நாம் வாழும் இம்மண்ணில் பாலில்லாச் சமையலே பழையது. பால்தான் பிற்காலத்தில் கப்பலேறி வந்தது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழில் பசுவின் மடியிலிருந்து கறப்பதும் பால். தேங்காயைத் துருவிப் பிழிவதும் பால். முதற்பால், இரண்டாம் பால் என்று அதற்கும் வரிசை வைத்திருக்கிறோம். மலாய் மொழியோ இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. கறப்பது 'சூசு', பிழிவது 'சந்தான்'. மலாய்ச் சமையலறையில் நாள்தோறும் புழங்கியது சந்தானே. எருமையும் மாடும் இங்கு இருந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் வயலில் உழுதற்கும் வண்டி இழுத்தற்கும் இறைச்சிக்குமே வளர்க்கப்பட்டன. உணவுக்கு வேண்டிய கொழுப்பையும் மணத்தையும் கடற்கரை நெடுக நின்ற தென்னை கொடுத்துவிட்டது.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிப்பதற்கு லாக்டேஸ் என்னும் நொதி தேவை. குழந்தைப் பருவத்திற்குப் பின் அந்நொதி குறைந்துபோவதே மனித இனத்தின் பொது இயல்பு. உலகில் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகையோரே. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இவ்விகிதம் இன்னும் மிகுதி. தென்னிந்தியரிலும் பெரும்பாலோர் இப்பிரிவினரே. நம் முன்னோர் பாலைத் தயிராகவும் மோராகவும் நெய்யாகவும் மாற்றி உண்டதில் இவ்வுண்மை அடங்கியிருக்கிறது எனலாம். உறையும்பொழுது லாக்டோஸ் குறைகிறது. உருக்கிய நெய்யில் அது மிகச் சிறிதே எஞ்சுகிறது. ஆகவே தமிழர் சமையலைப் பாலில்லாச் சமையல் என்று கூறிவிட முடியாது. பொங்கலன்று பால் பொங்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. எனினும் ஆடிக்கூழிலும் இடியாப்பத்திலும் செட்டிநாட்டுப் பால் பணியாரத்திலும் ஊறி நிற்பது தேங்காய்ப்பாலே அன்றோ?

மலாய்க்காரர்களின் 'குவே' என்னும் பலகார வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி மாவும் மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து அடுக்கடுக்காக ஆவியில் வேகவைப்பது குவே லாப்பிஸ். அடியில் புளுட் அரிசியும் மேலே பாண்டான் மணக்கும் பச்சைப் படலமுமாக அமைவது செரி மூக்கா. உள்ளே வெல்லம் உருகி நிற்கும் உருண்டை ஒண்டே ஒண்டே. இவற்றில் ஒரு துளிப் பசும்பாலும் இல்லை. நாசி லெமாக்கும் அவ்வாறே. 'லெமாக்' என்றால் கொழுப்பு, செழுமை என்று பொருள். 1909ஆம் ஆண்டில் ரிச்சர்ட் வின்ஸ்டெட் மலாய் மக்களின் வாழ்வியலைப் பற்றி எழுதிய நூலில் அச்சோறு இடம்பெற்றுவிட்டது.

இவ்வுறவில் நமக்கும் பங்குண்டு. மலாய் மொழியிலுள்ள 'அப்பாம்' நம் அப்பமே. திரும்பிச் சென்ற பண்டமும் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் தங்கள் ஆட்சிக் காலத்தில் சாவகத்திலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் போர்வீரர்களையும் நாடுகடத்தப்பட்டோரையும் இலங்கைக்குக் கொண்டுசென்றனர். அவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாய்க்காரர்கள். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி சேர்த்து ஆவியில் அவிக்கும் வட்டிலப்பம் அவர்களோடு இணைத்தே பேசப்படுகிறது. நம் காலையுணவில் ரொட்டியின் மேல் தடவும் காயாவும் தேங்காய்ப்பால், முட்டை, சீனி ஆகிய மூன்றின் சேர்க்கைதான். இரண்டும் நெருங்கிய உறவினர் என்பது சுவைத்த நாவுக்கு விளங்கும். (காயா ரொட்டியின் நடுவே வைக்கும் வெண்ணெய்த் துண்டு பின்னாளில் வந்து அமர்ந்த விருந்தாளி.)

அவ்வாறாயின் பால் இங்கு எவ்வாறு வந்தது? பசும்பாலைக் கறந்து வீடுவீடாக விற்றவர்களில் இந்தியர்களே முன்னின்றனர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பகுதி ஒரு காலத்தில் மாட்டு வணிகத்திற்குப் பெயர்பெற்றது. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைக் கொட்டில். 1924இல் மகப்பேற்று மருத்துவமனையாக மாறிய கே.கே. மருத்துவமனையின் பெயரில் இன்றும் அவ்வெருமைகள் ஒளிந்திருக்கின்றன என்பதை மாணவர்களிடம் கூறினால் வியப்பார்கள். எனினும் வெப்பநாட்டில் பால் விரைவில் கெட்டுவிடும்; விலையும் மிகுதி. பாலைப் பொதுமக்களின் பண்டமாக்கியது மாடன்று, தகரக் குவளையே.

அமெரிக்கரான கேல் போர்டன் 1856இல் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1905இல் அது நெஸ்லேயுடன் இணைந்தது. 1912இல் அப்பெயரிலேயே பினாங்கில் வணிகம் தொடங்கிற்று. சீனி மிகுந்த அப்பால் கெடாது, குளிர்பதனப்பெட்டி வேண்டாம், காப்பிக்கடைக்கும் தோட்டத்து லயத்திற்கும் ஒன்றுபோல் சென்று சேர்ந்தது. நம் பாட்டிமார் 'டின் பால்' என்று அழைத்தது இதனையே.

இவ்விடத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவரை நினைவுகூர வேண்டும். ஜமைக்காவில் பிறந்த இவர், ஆப்பிரிக்காவின் பொற்கரைப் பகுதியில் பணியாற்றியபொழுது, புரதக் குறைவோடு தொடர்புடைய குவாஷியார்க்கர் என்னும் குழந்தை நோயை மருத்துவ உலகிற்கு விளக்கியவர். பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கு அவர் கண்டது வேறொரு கொடுமை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த ஏழைத் தாய்மார்களிடம், குழந்தைக்கு இதுவே சிறந்த உணவு என்று கூறிச் சீனி கலந்த கெட்டிப்பால் விற்கப்பட்டது. தாதியர் போன்று உடையணிந்த பெண்கள் அதற்காகவே அமர்த்தப்பட்டனர். குழந்தைகள் நலிந்தன, பல மாண்டன. 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் அவர் உரையாற்றினார். தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தைச் சாவைக் கொலையாகவே கருதித் தண்டிக்க வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். அப்பால் நிறுவனங்களின் நெருங்கிய வட்டத்தினரே அமர்ந்திருந்த அவையில் அதனைக் கூற எத்துணைத் துணிவு வேண்டும்! சப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறைவைக்கப்பட்ட அவர், உயிர்தப்பி, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவிற்கு முதல் தலைவரானார். பால் என்று பெயர் பெற்றதனாலேயே ஒரு பண்டம் குழந்தைக்கு நல்லதாகிவிடாது என்பதை இம்மண்ணில் உரத்துச் சொன்னவர் அவர்.

போருக்குப் பிந்தைய காலத்தில் பால், வளர்ச்சியின் அடையாளமாயிற்று. மலேசியாவில் 1983இல் பள்ளிப் பால் திட்டம் தொடங்கப்பட்டது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் குடித்தால் வயிறு வலிக்கிறது என்று கூறும் பிள்ளையைச் சாக்குப்போக்குச் சொல்வதாக எண்ணிவிடும் பழக்கமும் நம்மிடையே வளர்ந்துவிட்டது.

இனி அணிச்சலுக்கு வருவோம். அடுமனைப் பண்டத்திற்கு வெண்ணெய் இன்றியமையாதது என்ற எண்ணம் ஐரோப்பியர் வழியே வந்தது. டச்சுக்காரர் காலச் சாவகத்தில் உருவான, ஒவ்வோர் அடுக்காகச் சுட்டெடுக்கும் கேக் லாப்பிஸ் வெண்ணெயில் மிதப்பது. ஆனால் அதே ஐரோப்பிய உறவில் பிறந்த பஹுலுவைப் பாருங்கள். முட்டை, சீனி, மாவு ஆகியவற்றை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, கீழும் மேலும் கரியனல் வைத்துச் சுடுவார்கள். பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. முட்டை நுரையில் சிறைப்பட்ட காற்றே அதனை உப்பச் செய்கிறது.

இக்கொள்கையின் உச்சம்தான் பாண்டான் சிஃபோன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹாரி பேக்கர் என்னும் காப்புறுதி முகவர் 1927இல் ஓர் அணிச்சலை உருவாக்கினார். பஞ்சுபோன்ற அதன் மென்மைக்குக் காரணத்தை இருபதாண்டுகள் எவரிடமும் கூறவில்லை. 1947இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்திற்கு விற்றார். மறு ஆண்டு இரகசியம் வெளிவந்தது. வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய்! குளிர்ந்தால் இறுகும் வெண்ணெயைப் போலன்றி எண்ணெய் நீர்மமாகவே இருப்பதால் அணிச்சல் நாட்கணக்கில் மென்மை குன்றாது. நம் பக்கத்து அடுமனைக்காரர்கள் அதில் தேங்காய்ப்பாலையும் பாண்டான் சாற்றையும் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டனர். யாழ்ப்பாணத்தார் ரம்பை என்று கூறும் அதே இலைதான். பாஸ்மதி அரிசிக்கு மணந்தரும் வேதிப்பொருளே இவ்விலைக்கும் மணந்தருகிறது. 2017இல் சி.என்.என். வெளியிட்ட உலக அணிச்சல்களின் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா இரண்டின் பெயராலும் இடம்பெற்றது இதுவே. பால் ஒவ்வாத பிள்ளைக்கென்று எவரும் இதனை உருவாக்கவில்லை, சுவைக்காகவே உருவாக்கினர்.

எல்லார்க்கும் பொதுவான பண்டம் எது என்று கேட்டால் அச்சு முறுக்கையே முதலில் கூறுவேன். அரிசி மாவு, முட்டை, சீனி, தேங்காய்ப்பால், இவ்வளவே. தீபாவளிக்கு நாம் சுடுகிறோம். நோன்புப் பெருநாளுக்குக் குவே ரோஸ் என்று மலாய்க்காரர்கள் சுடுகிறார்கள். சீனப் புத்தாண்டு மேசையிலும் அது இருக்கிறது. ஐரோப்பாவிலும் இதே பூவச்சில் கோதுமை மாவும் பசும்பாலும் கலந்து பொரிக்கும் பண்டம் உண்டு. அச்சு ஒன்றே, மாவும் பாலும்தாம் வேறு.

விருந்துக்கு ஏற்பாடு செய்வோர் சிலவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். லாக்டோஸ் செரியாமையும் பால் ஒவ்வாமையும் ஒன்றல்ல. முன்னதில் வயிறு உப்பும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. பின்னது பாலின் புரதத்தை உடல் பகையாகக் கருதுவது. சிறிதளவும் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். அத்தகைய பிள்ளைக்கு நெய்யும் ஆகாது. 'கிரீமர்' என்ற பெயரில் விற்கும் இனிப்புக் கெட்டிக் கலவையில் செம்பனை எண்ணெயோடு பால்பொருளும் இருக்கும். மார்ஜரின் சிலவற்றிலும் பால் கலந்திருக்கும். ரொட்டி சானாய் மாவிலும் டின் பால் ஒளிந்திருப்பதுண்டு. எனவே அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். பால் பட்ட கரண்டியைக் கழுவாமல் பயன்படுத்தலாகாது. அச்சு முறுக்கிலும் சிஃபோனிலும் முட்டை உண்டு. முட்டை ஒவ்வாத பிள்ளைக்கும் சைவப் பிள்ளைக்கும் ஒண்டே ஒண்டேயும் குவே லாப்பிசும் பொருந்தும். தேங்காய்ப்பாலில் பசும்பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இல்லை. சமையலுக்கு அது மாற்று, கைக்குழந்தையின் புட்டிக்கு மாற்றன்று.

புதிதாகச் செய்து பார்ப்போர்க்கு ஒரு சொல். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். இரண்டாம் பாலில் வேகவைத்து, அடுப்பைத் தணித்து, முதற்பாலைக் கடைசியில் ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடலாம்.