அச்சமுள்ள மீட்புப் பூனையைத் தத்தெடுத்தல்

அச்சமுள்ள மீட்புப் பூனையைத் தத்தெடுத்தல் என்பது, கைவிடப்பட்டு அல்லது தெருவில் திரிந்து மீட்கப்பட்டதும், மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்வதுமான பூனையை ஒரு வீட்டில் நிலையாக ஏற்று வளர்ப்பதைக் குறிக்கும். இத்தகைய பூனைகளை முதலில் இடைக்கால வளர்ப்பு இல்லங்களில் வைத்துப் பழக்கி, அதன் பின்னர் தத்துக் கொடுக்கும் வழக்கம் ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் உள்ளது.

வரலாறு

இலண்டனில் 1860 ஆம் ஆண்டு நாய்களுக்காகத் தொடங்கப்பட்ட பேட்டர்சி காப்பகம், 1883 முதல் பூனைகளையும் ஏற்றது. பூனைகளுக்கென்றே இயங்கும் "கேட்ஸ் புரொடக்சன்" என்னும் பிரித்தானிய அமைப்பு 1927 இல் உருவானது.

அச்சத்தின் காரணங்கள்

பூனைக்குட்டி பிறந்து ஏறத்தாழ 2 முதல் 7 வாரங்கள் வரையிலான காலம், அது மனிதரோடு பழகக் கற்கும் முக்கியமான பருவமாகும். ஐக்கிய அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள் இதனைக் காட்டின. இப்பருவத்தில் மனிதர் கை படாத குட்டிகள் பின்னாளில் எளிதில் நெருங்குவதில்லை. மரபும் இதில் பங்கு கொள்கிறது. நட்பியல்புள்ள தந்தைப் பூனைக்குப் பிறந்த குட்டிகள் துணிவு மிக்கவையாக இருந்ததை சாண்ட்ரா மெக்கியூனின் 1995 ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. எனவே, அஞ்சும் பூனை அனைத்தும் அடிபட்ட பூனை எனக் கருதுவது தவறாகும்.

இடைக்கால வளர்ப்பு

இம்முறையில் பூனை, அமைப்பின் பொறுப்பில் இருந்துகொண்டே தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் வாழ்கிறது. காப்பகக் கூண்டில் உள்ள இரைச்சலும் அயல் விலங்குகளின் வாடையும் பூனையின் உண்மை இயல்பை மறைத்துவிடுகின்றன. வீட்டில் வளர்ந்த பூனைகூடக் கூண்டில் சீறவும் உறையவும் கூடும். அதனை மனிதரோடு வாழவே இயலாத பூனை எனத் தவறாக மதிப்பிட்டால், அது வீடு பெறும் வாய்ப்பை இழக்கும். சில இடங்களில் கருணைக்கொலைக்கும் உள்ளாகலாம். இடைக்கால வளர்ப்பாளர் தரும் தகவல்கள் (பூனை எங்கு ஒளிகிறது, எதை உண்கிறது, எந்த ஓசைக்கு அஞ்சுகிறது என்பன) தத்தெடுப்பவருக்குப் பெரிதும் உதவுகின்றன.

புதிய வீட்டில்

தொடக்கத்தில் அமைதியான ஓர் அறை மட்டும் பூனைக்குப் போதுமானது. உணவு, நீர், மணல் தட்டு ஆகியவற்றோடு ஒளிந்துகொள்ள ஓர் இடமும் அங்கு இருத்தல் வேண்டும். நெதர்லாந்துக் காப்பகமொன்றில் புதிதாக வந்த 19 பூனைகளிடம் செய்யப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், ஒளிவதற்குப் பெட்டி பெற்றவை மூன்றாம், நான்காம் நாள்களில் மற்றவற்றைவிடக் குறைந்த மன அழுத்தத்தைக் காட்டின. இரு வாரங்களில் இரு பிரிவுகளும் ஒரே நிலையை அடைந்தன. ஒளிதல் பூனை தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழியாதலால், அதனை வெளியே இழுத்தல் ஆகாது.

பூனையை உற்றுநோக்குவது அச்சுறுத்தலாக அமையும். மனிதர் கண்களை மெதுவாக மூடித் திறந்தால், பூனை அவரை நெருங்கும் வாய்ப்பு மிகுவதாக 2020 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று கண்டறிந்தது. தரையில் அமர்ந்து மெல்லப் பேசுதலும், குறித்த நேரத்தில் உணவிடுதலும் பயன் தரும்.

ஒளிந்திருக்கும் பூனை உண்கிறதா என்பதை நாள்தோறும் கவனித்தல் வேண்டும். சில நாட்கள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே ஒரு நாள் முழுதும் உண்ணாத பூனைக்காகக் கால்நடை மருத்துவரை நாடுவது நல்லது.

அஞ்சும் பூனை திறந்த கதவு வழியே தப்பியோடக் கூடும். இங்கிலாந்தில் 20 வார வயதை எட்டும் முன் வளர்ப்புப் பூனைகளுக்கு அடையாள நுண்சில்லு பொருத்துவது 2024 சூன் 10 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

கால அளவு

பூனை புதிய இடத்தில் தேற 3 நாட்கள், வழக்கங்களை அறிய 3 வாரங்கள், இயல்பாக வாழ 3 மாதங்கள் என்னும் கணக்கு காப்பகங்களில் வழங்குகிறது. இது பொதுவான வழிகாட்டலே அன்றி விதியன்று. மிகவும் அஞ்சும் பூனைக்கு ஓராண்டிற்கு மேலும் ஆகலாம். சில பூனைகள் ஒருபோதும் மடியில் அமர்வதில்லை. அவை ஒரே அறையில், சற்றுத் தொலைவில், வளர்ப்பவருக்கு முதுகு காட்டி உறங்குவதே அவற்றின் நம்பிக்கைக்கு அடையாளமாக அமையலாம்.