கல்வாரி: ஒரு பெயரும் அதன் முதல் குழுவும்



'கல்வாரி' என்றால் நம் ஊரில் யாருக்கும் சிலுவையும் மலையும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்தியக் கடற்படையில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. ஆழ்கடலில் இரை தேடித் திரியும் புலிச்சுறாவுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அது. நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலுக்கு 1967-இல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2017-இல் இன்னொரு நீர்மூழ்கிக்கும் அதே பெயர். கட்டிய நாடு வேறு, எஞ்சின் வேறு, பேட்டரி வேறு, உள்ளே போகிற ஆட்களும் வேறு. அப்படியானால் பெயரோடு சேர்ந்து கைமாறியது என்ன? மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு இந்தக் கேள்விதான் தோன்றியது. நாமும் ஒரு பெயரைச் சுமந்துகொண்டு கூடுகிறவர்கள்தானே!

முதலில் கொஞ்சம் வரலாறு. 1964-இல் பாகிஸ்தான் அமெரிக்காவிடமிருந்து 'டயாப்லோ' என்ற நீர்மூழ்கியைப் பெற்று 'காஸி' என்று பெயரிட்டது. அப்போது நம்மிடம் ஒரு நீர்மூழ்கிகூடக் கிடையாது. ஆனால் ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே நம் அதிகாரிகள் சிலர் பிரிட்டிஷ் கடற்படையில் நீர்மூழ்கிப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். கப்பலையும் பிரிட்டனிடமே வாங்க வேண்டும் என்பதுதான் முதல் யோசனை. விலையும் கடன் வசதியும் ஒத்துவரவில்லை. ஆகவே சோவியத் யூனியன் பக்கம் திரும்பினோம். 1965-இல் நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்கேதான் முதல் குழுவின் கஷ்டம் ஆரம்பம். ஆங்கிலத்தில் கற்ற தொழிலை இனி ரஷ்ய மொழியில் கற்க வேண்டும். வால்வு மேல் ஒட்டிய தகடு ரஷ்யன், மின்சுற்றுப் படம் ரஷ்யன், பாடம் நடத்துகிறவர் பேசுவதும் ரஷ்யன். பசிபிக் கரையோரம் விளாதிவஸ்தோக் துறைமுகத்தில் பயிற்சி. நம்மில் பலர் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைப் பிரித்து முழித்தவர்கள்தான். நமக்கு அர்த்தம் புரியாவிட்டால் அரியர்ஸ் விழும், அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்கு அர்த்தம் புரியாவிட்டால் கடலுக்கு அடியில் போய் நிற்கும். வித்தியாசம் அவ்வளவுதான்!

1967 டிசம்பர் 8 அன்று ரிகா துறைமுகத்தில் (இன்றைய லாட்வியாவின் தலைநகர்) இந்தியக் கொடி ஏறியது. கல்வாரியின் முதல் தளபதி கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன். அந்த நாளைத்தான் கடற்படை இன்றும் ஆண்டுதோறும் நீர்மூழ்கி தினமாகக் கொண்டாடுகிறது.

சரி, அவர்கள் கையில் ஒப்படைத்தது எப்படிப்பட்ட இயந்திரம்? மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். லெனின்கிராடில் கட்டியது. நேட்டோ நாடுகள் 'ஃபாக்ஸ்ட்ராட்' என்று அழைத்த வகை. சுமார் 91 மீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம். மூன்று டீசல் எஞ்சின்கள், மூன்று மின் மோட்டார்கள், மூன்று சுழல்விசிறிகள். முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று பத்து டார்ப்பிடோ குழாய்கள். நீர்ப்பரப்பில் டீசல் ஓடும். முழுக மூழ்கிவிட்டால் காற்று கிடையாது, பேட்டரிதான் கதி. மொத்தம் 448 லெட்-ஆசிட் செல்கள். சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய இடத்தில் அது நான்கு சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். ஆக, பேட்டரி அறையில் காற்றோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சும்மா ஃபேன் போடுகிற ஆள் இல்லை. சுமார் 75 பேரின் உயிர் அவர் கையில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை குளிர்க்கடலுக்காக வடிவமைத்தது. 1962-இல் கியூபா நெருக்கடியின்போது இதே வகைச் சோவியத் நீர்மூழ்கிகள் நான்கு வெப்பக் கடலுக்குப் போய்த் திண்டாடின. உள்ளே வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, குடிநீர் பற்றாக்குறை, மாலுமிகள் மயங்கி விழுந்தார்கள். இந்தியாவுக்குக் கட்டியவற்றில் வெப்ப மண்டலத்துக்காகச் சில மாற்றங்கள் செய்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் வங்கக் கடலின் வெக்கையிலும் உப்பு ஈரத்திலும் இந்த இயந்திரத்தை வருஷக்கணக்கில் எப்படி ஓட்டுவது என்பது எந்த ரஷ்யப் புத்தகத்திலும் இல்லை. அதை ஓட்டி ஓட்டித்தான் எழுத வேண்டியிருந்தது.

ஊர் வந்து சேர்ந்ததே ஒரு கதை. 1967 ஜூன் போரில் சூயஸ் கால்வாய் மூடிக்கொண்டது. 1975-இல்தான் மறுபடி திறந்தது. எனவே 1968 ஏப்ரலில் பால்டிக் கடலை விட்டுக் கிளம்பிய கல்வாரி, ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு ஜூலையில்தான் விசாகப்பட்டினம் வந்தது. புதுக் கப்பல், புதுக் குழு, முதல் பயணமே அவ்வளவு தூரம். வழியில் ஏதாவது பழுதென்றால் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிடையாது. ஒவ்வொருவரும் தன் வேலையோடு அடுத்தவர் வேலையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீர்மூழ்கிக்காரர்களுக்கு எல்லா நாட்டிலும் இதுதான் சட்டம். சமையற்காரராக இருந்தாலும் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வை எப்போது மூட வேண்டும் என்று கற்றுத் தேறிய பிறகுதான் டால்ஃபின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம்.

இதை நேரில் உணர வேண்டுமானால் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போய் வாருங்கள். கல்வாரியின் தங்கையான 'குர்சுரா' 2002 முதல் அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. நானும் போயிருக்கிறேன். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, குனிந்து காலைத் தூக்கி ஒரு வட்டத் துவாரத்துக்குள் நுழைய வேண்டும். நம்ம ஹாஸ்டல் ரூமில் மூன்று பேர் இருந்ததற்கே வார்டனிடம் மனுக் கொடுத்தவர்கள் நாம். அங்கே போய்வந்த பிறகு அந்த மனுவை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். கல்வாரிக்குப் பின்னால் 'கந்தேரி', 'கரஞ்ச்', 'குர்சுரா' வந்தன. கந்தேரி என்பது மும்பைக்குத் தெற்கே சிவாஜியின் கடற்படை கோட்டை கட்டிய தீவு. கரஞ்ச் என்பதும் அந்தக் கரையோரத் தீவின் பெயர்தான். 1973, 1974-இல் 'வேலா', 'வாகிர்', 'வாக்லி', 'வாக்ஷீர்' சேர்ந்தன. வேலா என்பது திருக்கை இனத்து மீன் என்று கடற்படை சொல்கிறது. நம் மீனவர்கள் வாள் போன்ற மூக்குள்ள மீனை 'வேளா' என்பார்கள். ஒலியில் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். மன்னர் பெயரோ தலைவர் பெயரோ இல்லாமல், மீனும் தீவும் பெயரானது எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்வாரி 1996-இல் ஓய்வு பெற்றது. பெயர் 21 வருஷம் தூங்கியது. 2005-இல் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு மும்பை மசகான் கப்பல் தளத்தில் ஆறு நீர்மூழ்கிகள் கட்ட ஒப்பந்தம். அதில் முதலாவதை 2017 டிசம்பர் 14 அன்று பிரதமர் நரேந்திர மோடி கடற்படையில் சேர்த்து வைத்தார். பெயர் கல்வாரி. தளபதி கேப்டன் எஸ்.டி. மேஹெண்டலே. நீளம் 67 மீட்டர் சொச்சம், குழு நாற்பத்து மூன்று பேர் அளவில். பழசில் 75 பேர் செய்த வேலையைப் புதுசில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் செய்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் மாறவில்லை. அதை எந்த பிரெஞ்சுக் கம்பெனியும் விற்கவில்லை. ரிகாவில் கொடியேற்றியவர்கள் அடுத்தவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி வந்த சொத்து அது.

இதற்கு நல்ல சாட்சி கரஞ்சின் கதை. பழைய கரஞ்ச் 1969-இல் கடற்படையில் சேர்ந்தபோது அதன் முதல் குழுவில் இருந்தவர் வி.எஸ். ஷெகாவத். 1971 போரில் அதற்கே தளபதியாக இருந்து வீர் சக்ரா விருது பெற்றார். பின்னால் 1993 முதல் 1996 வரை கடற்படைத் தலைமைத் தளபதி. முதல் கல்வாரி ஓய்வு பெற்றதும் அவர் காலத்தில்தான். 2021 மார்ச் 10 அன்று புதிய கரஞ்ச் சேர்ந்தபோது சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவரும் அவரேதான். முதல் பேட்ச் ஆள் ஒருவர் ஐம்பத்தோரு வருஷம் கழித்து வந்து, அதே பெயர் கொண்ட புதுக் கப்பலைத் தொடங்கி வைத்தார்! அலுமினி மீட்டிங் என்றால் இதுவல்லவா அலுமினி மீட்டிங்!

மேலை நாட்டுக் கடற்படைகளில் முதல் குழுவைப் 'பிளாங்க் ஓனர்' என்பார்கள். மரக்கப்பல் காலத்துப் பேச்சு: கப்பலின் ஒரு பலகை அவருக்குச் சொந்தம் என்று பொருள். கப்பல் உடைபட்டுப் பழைய இரும்பாகிவிடலாம். அந்தப் பலகை மட்டும் அவர் பேரிலேயே இருக்கும்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. கல்வாரி என்றதும் நாம் கேள்விப்படுவது தளபதியின் பெயர் மட்டும்தான். பேட்டரி அறையில் ஹைட்ரஜன் அளவைப் பார்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த மாலுமி யார்? ரஷ்யத் தகட்டுக்குப் பக்கத்தில் நம் மொழியில் அர்த்தம் எழுதி வைத்தவர் யார்? அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

நம் கல்லூரிக்கும் ஒரு முதல் குழு உண்டு. லேப் சுவர் காயுமுன்பே படித்த முதல் பேட்ச், பெட்டி பிரித்து லேத் மெஷினைப் பொருத்திய ஒர்க்‌ஷாப் ஊழியர்கள், மெஸ்ஸில் முதல் அடுப்பை மூட்டியவர்கள். முதல்வர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மற்றவர்கள் பெயர் சில பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சந்திப்புக்குள் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி ஒரு பட்டியல் போடுவோம். மாணவத் தம்பி தங்கைகள் இரண்டு பேர் நோட்டோடு கிளம்பி வந்தால் போதும், மூத்த அண்ணன்மார்களின் வீட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன்.