ஒளித்து வைத்தால் ஜெயில், உழைக்க வைத்தால் லாபம்!

திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்த ஒருவனை, தெரிந்தே உங்கள் வீட்டில் ஒளித்து வைத்தால் 5 வருஷம் வரை ஜெயில். அதே ஆளை உங்கள் வயலில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பருத்தி எடுக்க வைத்தால்? ஒன்றுமில்லை. நிம்மதியாகத் தூங்கலாம்!

தமாஷ் இல்லை. 1952-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியேற்றச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 'வேலை கொடுப்பது ஒளித்து வைப்பதாகாது' என்று அதில் ஒரு வரி. டெக்ஸாஸ் பண்ணை முதலாளிகளின் சௌகரியத்துக்காகச் செருகப்பட்டது. அதனால் அதற்குப் பெயரே 'டெக்ஸாஸ் ப்ரொவைஸோ'!

கதை பத்து வருஷம் முன்பே தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் நேரம். வயலில் இறங்க ஆளில்லை. 1942-ல் மெக்ஸிகோவுடன் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. வருகிற கூலியாட்களுக்கு மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி, தங்க இடம், போக வர செலவு. 'பிராஸெரோ திட்டம்' என்றார்கள்.

டெக்ஸாஸ் பண்ணையார்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒப்பந்தம் எதற்கு, கூலி நிர்ணயம் எதற்கு? பக்கத்திலேயே ரியோ கிராண்டே ஆறு. இக்கரையில் வேலை, அக்கரையில் பசி. நனைந்துகொண்டே வந்து நிற்பவனிடம் பேரம் பேச வேண்டியதே இல்லையே! அந்த ஏழைகளுக்கு 'வெட்பேக்', அதாவது முதுகு நனைந்தவன் என்று இழிபெயர் வேறு.

1948 அக்டோபரில் எல் பாஸோ நகரில் நடந்தது இன்னும் வேடிக்கை. நூறு பவுண்டு பருத்தி எடுக்க 3 டாலர் வேண்டும் என்றது மெக்ஸிகோ. இரண்டரைக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள் பண்ணையார்கள். பயிரோ அறுவடைக்குத் தயார். அமெரிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லையைத் திறந்துவிட்டார்கள்! ஆயிரக்கணக்கானோர் ஆற்றில் இறங்கி வந்தார்கள். பேருக்கு ஒரு கைது. அப்புறம் நேரே பண்ணையார்களின் லாரியில் ஏற்றிவிட்டார்கள். மெக்ஸிகோ கொதித்துப்போய் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. அதற்குள் பருத்தி வண்டி ஏறிவிட்டது!

இப்படி வந்தவன் கூலி குறைகிறதே என்று வாய் திறந்தால்? போலீஸுக்கு ஒரு தகவல் போதும். கதை முடிந்தது. முதலாளிக்கு அவன் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அந்த பயம்தான். உள்ளூர்க் கூலிக்காரனுக்கும் இதனால் நஷ்டம். 'இந்தக் கூலிக்கு இஷ்டமிருந்தால் வா, இல்லாவிட்டால் போ' என்று அவனிடமும் சொல்லிவிடலாமே!

1954-ல் அரசாங்கம் திடீரென்று விழித்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களை பஸ்ஸிலும் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றித் திருப்பி அனுப்பியது. அவர்களுக்கு வேலை கொடுத்தவர்கள்? சட்டத்தில்தான் அந்த ஒரு வரி இருக்கிறதே!

அந்த வரி போக 1986 ஆயிற்று. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட புதிய சட்டத்தில், முதல் தடவையாக முதலாளிக்கும் அபராதம் வந்தது. ஆனால் 'தெரிந்தே' வேலை கொடுத்தால்தான் குற்றம். காட்டிய அடையாள அட்டை பார்வைக்கு நிஜம்போல இருந்தால் போதும். அது போலி என்று 'எனக்கெப்படித் தெரியும்?' என்று முதலாளி கையை விரித்துவிடலாம்.

முன்பு காப்பாற்றியது ஒரு வரி. பிறகு ஒரே ஒரு வார்த்தை!