கலப்பைக்கும் தோணிக்கும் ஒரே மரம்

வளைஞ்ச மரம் அடுப்புக்குத்தான் ஆகும்னு நினைச்சிராதீங்க. டிராக்டர் வர்றதுக்கு முன்னால, நாட்டுக் கலப்பை செய்ய நாட்டுக் கருவேலத்துல தோதான வளைவு எங்க இருக்குன்னு தேடித்தான் வெட்டுவாங்க. நேர் மரத்தை வளைவா அறுத்தா நார் அறுந்துபோகும், இழுவை தாங்காது. தானா வளைஞ்சு வளந்த மரத்துல நாரும் வளைஞ்சே ஓடும், லேசுல முறியாது. இதே வளைவைத் தேடுன இன்னொரு ஆளும் உண்டு. அவருதான் தூத்துக்குடி ஓடாவி, அதாவது தோணி கட்டுற தச்சர்.

தூத்துக்குடி 1986 வரைக்கும் எங்க திருநெல்வேலி மாவட்டத்துலதான் இருந்துச்சு. அங்க தோணின்னா சின்ன மீன்பிடி படகு இல்ல. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திப்போற பெரிய மரக்கலம். இவ்வளவு பெரிசைக் காகிதத்துல வரைபடம் போடாமலே கட்டுனாங்க. கணக்கெல்லாம் மூத்த ஓடாவியோட மனசுல இருக்கும்.

முதல்ல ஏரா. தோணிக்கு அதுதான் முதுகெலும்பு, அடியில நீளமாப் படுத்திருக்கும். முன்பக்கம் அலையைக் கிழிக்கிற இடம் அணியம். ஏராவுல இருந்து ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி ஏறுறது வங்கு. கருவேல வளைவுக்கு வேலை இங்கதான். பக்கப் பலகைக்குக் கேரளத்து அயினி மரம். நிமிந்து நிக்கிறது பாய்மரம், பாயைத் தாங்குற குறுக்குக் கம்பு பருமல், பாயை இழுத்துக் கட்டுற கயிறு தாமான், பின்னால திசை திருப்பச் சுக்கான்.

பலகைக்குப் பலகை இருக்கிற இடுக்குல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியமும் எண்ணெயும் வச்சு அடைப்பாங்க. இந்த வேலைக்குக் கலப்பத்துன்னு பேரு. புன்னை எண்ணெயும் படகுக்குப் பூசுவாங்க. கயிறுக்குத் தென்னை நார். கணக்குப் பாத்தா தோணியில பாதி, காட்டுலயும் தோப்புலயும் விளைஞ்சதுதான்.

நாங்க கடலுக்குக் குடுத்தது மரம் மட்டும் இல்ல. பொதிகையில பிறக்கிற தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி புன்னைக்காயல்ல கடல் சேருது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால கொற்கை கடலோரத் துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். கிரேக்கர் எழுதிவச்ச பெரிப்ளூஸ் நூல்லயும் அந்த ஊர் வருது. ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் விலகிப்போச்சு. இன்னைக்குக் கொற்கையில நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது, சுத்தி வயலும் வாழையும்தான். துறைமுகம் காயலுக்குப் போச்சு. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ அந்தக் காயலைப் பத்திச் சொல்லியிருக்காரு. அங்கயும் மண் மேடாக, போர்ச்சுக்கீசியர் காலத்துல புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. எங்களுக்குச் சோறு போடுற வண்டல்தான் துறைமுகத்தை நகத்திக்கிட்டே போயிருக்கு. ஓடாவிகளும் அது பின்னாலேயே போயிருப்பாங்க.

1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதை எல்லாரும் படிச்சிருப்பீங்க. அந்த நீராவிக் கப்பல் காலத்துலயும் தோணி அழியல. பிறகு பாய் போய் இன்ஜின் வந்துச்சு. இன்னைக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குத் தோணி போவுது. ஆனா பெரிய கப்பலும் கன்டெய்னரும் முக்காவாசிச் சரக்கை எடுத்துக்கிட்டதால, புதுசாக் கட்டுறது ரொம்பக் குறைஞ்சுபோச்சு.

கலப்பையைக் கண்காட்சியிலயாவது வைக்கலாம். ஓடாவி மனசுல இருக்கிற கணக்கை எந்தக் கண்ணாடிப் பெட்டியில வைக்க? ஒரு தோணி கட்டும்போது பக்கத்துல நின்னாதான் அடுத்த ஆளு படிக்க முடியும். மரத்துக்கும் அதே கதைதான். எங்க குளங்கள்ல சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கு, நாட்டுக் கருவேலத்தைத் தேடித்தான் பாக்கணும். உங்க பூர்வீக நிலத்துல வளைஞ்ச நாட்டுக் கருவேலம் ஒண்ணு நின்னா, வெட்டச் சொல்லாதீங்க. அப்படியே நிக்கட்டும்.