ஒன்பது ஆண்டுக் கதையும் ஓர் இரவு முடிவும்

ஒரே இருப்பில் படித்து முடிக்கும் நூலின் முடிவு பிழைத்துவிட்டால், வாசகன் சற்றே முகஞ்சுளித்து அதனை மறந்துவிடுகிறான். ஆண்டுக்கணக்காகத் தவணை முறையில் வளர்ந்த கதையின் முடிவு பிழைத்தாலோ அவன் எளிதில் மறப்பதில்லை. வாரந்தோறும் வீட்டுக்கு வந்துபோன கதைமாந்தர் அவனுக்கு உறவினர் போலாகிவிடுகின்றனர். அவர்தம் வாழ்வு இன்னவாறு நிறைவுறவேண்டும் என அவனும் தன் மனத்துள் ஒரு தீர்ப்பை எழுதி வைத்திருக்கிறான். ஆசிரியனின் தீர்ப்பும் இரசிகனின் தீர்ப்பும் மாறுபடும்போது எழும் வழக்குக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் தமது 'கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' என்னும் நாவலை 1860ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் 1861ஆம் ஆண்டு ஓகஸ்ற் வரை வார இதழில் வெளியிட்டார். நாயகனும் நாயகியும் கணநேரம் சந்தித்துப் பிரிந்து செல்வதாகவே அவர் முதலில் எழுதியிருந்தார். நண்பரான புல்வர் லிற்றன் என்னும் எழுத்தாளர் அம்முடிவு மிகவும் துயரமானதென வற்புறுத்தவே, இருவரும் இனிப் பிரியார் என்ற நம்பிக்கை தோன்றுமாறு அச்சேறுமுன் அதனை மாற்றினார். டிக்கன்ஸ் மறைந்தபின், 1874இல், அவரது வாழ்க்கை வரலாற்றில் பழைய முடிவு வெளிவந்தது. அன்று தொட்டு இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

சேர் ஆர்தர் கொனன் டொயிலின் அனுபவமோ இன்னும் கடுமையானது. 1893ஆம் ஆண்டு டிசெம்பரில், துப்பறியும் ஷேர்லொக் ஹோம்ஸ் சுவிற்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் வீழ்ந்து மடிந்ததாக அவர் கதையை முடித்தார். வாசகர் சினந்து கடிதம் எழுதினர். சந்தாவை நிறுத்தியோரும் பலர். பத்தாண்டு கழிந்து, 1903இல், ஹோம்ஸ் உயிரோடு திரும்பிவந்தார்.

இதழ்கள் வகித்த இடத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களுள் புகழ்பெற்ற 'சைன்ஃபெல்ட்', 1998ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி நிறைவெய்தியபோது ஏறக்குறைய 7 கோடி 60 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர். துன்புற்ற ஒருவனுக்கு உதவாது எள்ளி நகைத்த குற்றத்துக்காக, நான்கு நண்பர்களும் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெறுவதுடன் தொடர் முடிந்தது. ஒன்பது ஆண்டுகள் தம்மைச் சிரிக்க வைத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அம்முடிவு பலருக்குக் கசந்தது. அதனை எழுதிய லரி டேவிட், 2024இல் தமது மற்றொரு தொடரை முடித்தபோது, அதே வழக்கு, அதே தண்டனை என்று கதையை நடத்திச்சென்று, இம்முறை நாயகனை விடுதலை செய்வித்தார். இருபத்தாறு ஆண்டு விவாதத்துக்குப் படைப்பாளியே அளித்த குறும்பான மறுமொழி அது.

ஆயினும், இவ்வழக்கின் இயல்பை முழுமையாக விளக்குவது 'ஹவ் ஐ மெற் யுவர் மதர்' என்னும் தொடரேயாகும். 'உங்கள் தாயை நான் சந்தித்த வரலாறு' என்பது அத்தலைப்பின் பொருள். காட்டர் பேய்ஸ், கிறெயிக் தோமஸ் என்னும் இருவர் படைத்த இத்தொடர், 2005ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி சீ.பி.எஸ். நிறுவனத்தில் தொடங்கி, 208 அத்தியாயங்களாக வளர்ந்து, 2014ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி முடிவுற்றது. டெட் என்னும் கட்டடக்கலைஞன் 2030ஆம் ஆண்டில் தன் மகளையும் மகனையும் எதிரே அமர்த்தி, நியூயோர்க் நகரில் நண்பர்களோடு கழித்த இளமைக்காலத்தைச் சொல்லிச் செல்கிறான். அக்கதை எங்கே முடியும் என்பதைத் தலைப்பே உறுதியளித்திருந்தது.

இங்கே படைப்பாளர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. கதையில் அப்பிள்ளைகள் ஒரே இருப்பில் தந்தையின் சொல்லைக் கேட்கின்றனர். உண்மையிலோ அவ்வேடமேற்ற இளையோர் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்தனர். ஆகவே, அவர்கள் தோன்றும் இறுதிக் காட்சியை 2006ஆம் ஆண்டளவிலேயே படம் பிடித்து இரகசியமாகப் பாதுகாத்தனர். தாய் இறந்து ஆறாண்டுகள் ஆயின; தந்தை தன் பழைய காதலியான ரொபினையே இன்னும் நினைந்திருக்கிறார்; அவளிடம் செல்லுமாறு பிள்ளைகளே அவரைத் தூண்டுகின்றனர். பேழையுள் பூட்டப்பட்ட முடிவு இதுவே.

முடிவு பூட்டப்பட்டது, கதையோ வளர்ந்தது. டெட்டும் ரொபினும் ஒருவருக்கொருவர் பொருந்தாமையை அத்தியாயங்கள் பல எடுத்துக்காட்டின. பெண்பித்தனாக அறிமுகமான பார்ணி படிப்படியாகப் பண்பட்டு ரொபினை மணக்கும் நிலையை எய்தினான். ஒன்பதாம் பருவம் ஏறக்குறைய முழுவதும் அத்திருமண வாரவிடுமுறையிலேயே நடைபெற்றது. எட்டாண்டு காத்திருந்த தாயின் முகமும் 2013இல் வெளிப்பட்டது. அவ்வேடத்தில் தோன்றிய கிறிஸ்ரின் மிலியோற்றி சில காட்சிகளிலேயே இரசிகரின் அன்பைக் கவர்ந்தார்.

இந்நிலையில் வந்தது இறுதி நாள். ஒரு பருவம் முழுதும் நடந்த திருமணம் சில நிமிடங்களில் மணமுறிவாயிற்று. தாயின் நோயும் மறைவும் இரண்டொரு வாக்கியங்களில் சொல்லப்பட்டன. நீல நிற ஊதுகொம்பை ஏந்தியவாறு டெட் ரொபினின் சாளரத்தின் கீழ் நின்றான். அன்று 1 கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். கண்டோர் இரு கட்சியாகப் பிரிந்தனர்.

முடிவை ஏற்றோர் கூறிய நியாயம் இலேசானதன்று. கதை தாயின் சந்திப்பில் தொடங்காது ரொபினின் சந்திப்பிலேயே தொடங்கியது என்பதை அவர்கள் சுட்டினர். 2013இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், தாயைச் சந்திப்பதற்கு நாற்பத்தைந்து நாட்கள் முன்னரே அவள் வாயிலுக்கு ஓடி, அந்நாட்களையும் தனக்குத் தருமாறு டெட் இறைஞ்சுவதாகக் கற்பனை செய்கிறான். இழப்பை அறிந்தவனுக்கன்றி இவ்வேட்கை எவ்வாறு எழும் என்பது அவர்கள் வினா. துணையை இழந்தவன் மீண்டும் அன்பு நாடுவது குற்றமாகாது எனவும் வாதிட்டனர்.

எதிர்க்கட்சியினர் தாயின் மரணத்தையே பெரும் குறையாகக் கொண்டாரல்லர். அம்மரணத்துக்காக அழுவதற்குக் கதை தமக்கு நேரந்தரவில்லை என்பதே அவர்களின் மனக்குறை. ஒன்பதாண்டு தேடிய பெண்மணி, வேறொருத்தியைச் சேர்வதற்கான வழிநடைத் தங்குமிடம் போலாகிவிட்டாள் என்றும், பார்ணியின் வளர்ச்சி வீணாயிற்று என்றும் அவர்கள் வருந்தினர்.

அவ்வாண்டிலேயே வெளிவந்த ஒளித்தட்டுத் தொகுப்பில் மாற்று முடிவொன்று சேர்க்கப்பட்டது. அதில் தாய் இறப்பதில்லை. புகையிரத நிலையத்தில் மழையிடையே மஞ்சட் குடையின்கீழ் இருவரும் சந்திப்பதோடு கதை நிறைகிறது. ஆறுதல் பெற்றோர் பலராயினும், ஒளிபரப்பான முடிவே உண்மை முடிவு என்பாரும் உளர்.

டிக்கன்ஸ் அச்சேறுமுன் தம் எழுத்தைத் திருத்த முடிந்தது. டொயில் மாண்டவனை மீட்க முடிந்தது. இத்தொடரின் படைப்பாளர் கையிலோ பிள்ளைகளின் மாறாத இளமுகங்கள் பதிந்த பழைய படச்சுருள் இருந்தது. எட்டாண்டில் கதைமாந்தர் அடைந்த மாற்றத்துக்கு அதில் இடமில்லை. முன்கூட்டியே முடிவைத் தீர்மானித்தல் தவறாகாது. வளர்ந்துவிட்ட மாந்தருக்கு அது இன்னும் பொருந்துகின்றதா என்று இறுதியில் ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். அவர்களோடு ஒன்பதாண்டு வாழ்ந்த இரசிகர் படைப்பாளரிடம் கோரியது அவ்வளவே.